குடைவரை என்றால் என்ன? கல்லைக் கழித்துக் கோயில் எடுத்த தச்சர்கள்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களில் பலர் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். குன்றின் மேற்குப் பக்கம், கோனேரிக் குளத்துக்கு அருகில் புலிப்புதர் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. தெய்வ உருவம் எதுவும் அங்கே இல்லை. பாறை முகத்தில் சில பள்ளங்கள், அவற்றுக்கு நடுவே இன்னும் தூணாகாத தடித்த கல் கட்டைகள், அவ்வளவுதான். பல்லவர் காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன குடைவரை அது. குடைவரைகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். முடிந்த வேலையில் உளித்தடம் மறைந்துபோகும். பாதியில் நின்ற வேலையில் ஒவ்வொரு படியும் அப்படியே தங்கியிருக்கும்.

'வரை' என்றால் மலை. மலையைக் குடைந்து உள்ளே எடுத்த கோயில், மண்டபம், துறவியர் இருப்பிடம் எல்லாமே குடைவரைதான். சாதாரணமாக ஒரு கட்டடம் எழும்போது ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். கல்லைக் கொண்டுவந்து அடுக்குவார்கள், தூணை நட்டு உத்தரம் ஏற்றுவார்கள், கூரை போடுவார்கள். குடைவரையில் சேர்ப்பது என்ற பேச்சே இல்லை. வேண்டாத கல்லை எடுத்துவிட்டால் மிஞ்சி நிற்பது தூண், சுவர், கூரை, தெய்வம். வாசலில் நிற்கும் துவாரபாலகரும் அவர் காலடியில் இருக்கும் தரையும் தலைக்கு மேலுள்ள விதானமும் ஒரே பாறை.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கட்டும் கோயிலில் ஒரு தூண் கோணலாகிவிட்டால் வேறு தூண் செய்து மாற்றலாம். குடைவரையில் ஒரு கை அளவு கூடுதலாக வெட்டிவிட்டால் அந்தக் கல் திரும்ப வராது. அதனால் முதல் உளி பாறையில் படுவதற்கு முன்பே கருவறை எங்கே, தூண்கள் எத்தனை, அவற்றின் பருமன் என்ன, சுவரில் சிற்பம் எந்த இடத்தில் துருத்தி நிற்க வேண்டும் என்பதெல்லாம் தலைமைத் தச்சனின் மனத்தில் முடிந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு தேவி நிற்கப் போகிறாள் என்றால், அவளுக்கான கல்லைக் குடையும்போதே விட்டுவைத்தாக வேண்டும்.

இயற்கைக் குகையிலிருந்து தொடங்கியது

குகை, குடைவரை, ஒற்றைக்கல் கோயில் என்ற சொற்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வேறுபாடு எளிதானதுதான்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய இடங்கள் இயற்கைக் குகைத்தளங்கள். அங்கே மனிதக் கை செய்தது கொஞ்சம்தான். தரைப் பாறையைச் சமப்படுத்தி, தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டு, படுக்கை வெட்டியிருப்பார்கள். குகையின் நெற்றியில், அதாவது மேலே துருத்தி நிற்கும் பாறையின் விளிம்பில், நீளமாக ஒரு காடி ஓடும். மழைநீர் பாறையை ஒட்டி வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியில் அறுபட்டு வெளியே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு இது. மழை நாளில் போய் நின்று பாருங்கள், இன்றும் வேலை செய்கிறது. மாங்குளத்தில் கணி நந்தி என்ற முனிவருக்கு இப்படி இருப்பிடம் செய்து கொடுத்ததைச் சொல்லும் தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரையும் சொல்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அவை.

கரூருக்கு அருகில் புகளூர் ஆறுநாட்டார் மலையிலும் அப்படி ஒரு கல்வெட்டு உண்டு. சேர மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்லி, இளங்கடுங்கோ இளவரசனாகும்போது முனிவர் செங்காயபனுக்காக 'அறுத்த கல்' என்று முடியும். இந்தக் கலைக்கு நம் மொழியில் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று அதுவாகத்தான் இருக்கும். இரண்டே சொல்லில் வேலை முழுவதையும் சொல்லிவிடுகிறது.

குடைவரை அதற்கு அடுத்த படி. குகையே இல்லாத பாறையில் புதிதாக ஒரு வாசல் திறந்து உள்ளே போவது. ஒற்றைக்கல் கோயில் என்பது இன்னொரு வகை. பாறையை உள்ளே குடைவதோடு நிற்காமல், வெளிப்புறத்தையும் செதுக்கி, விமானம் முழுவதையும் தனியே நிற்க வைப்பது. மாமல்லபுரத்து ரதங்கள், கழுகுமலை வெட்டுவான் கோயில், எல்லோராவின் கைலாசநாதர் கோயில் எல்லாம் இந்த வகை. வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டுவதைக் கற்றளி என்கிறோம். பழங்கல்வெட்டுகளில் இந்த எல்லை அவ்வளவு கறாராக இல்லை. மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையை அதன் கல்வெட்டே கற்றளி என்றுதான் அழைக்கிறது.

தச்சன் ஏன் கல்லில்?

கல்லில் வேலை செய்பவரைக் கல்தச்சர் என்கிறோம். தச்சன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரவேலைக்காரர். இந்தப் பெயருக்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியக் கோயில் கலை மரத்தில் பிறந்து கல்லுக்கு வந்தது.

பீகாரில் கயைக்கு வடக்கே பராபர் குன்றுகள் உள்ளன. நாட்டிலேயே காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய குடைவரைகள் அங்கேதான் இருக்கின்றன. அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகத் துறவியருக்கு அங்கே குடைவரை கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. சுதாமா என்ற குடைவரைக்குள் நீள்சதுர மண்டபம் ஒன்று, அதைத் தாண்டி வட்டமான ஓர் அறை. அந்த அறை கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். கருங்கல்லில் குடைந்த சுவர்களை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே லோமஸ ரிஷி குடைவரை. அதன் வாசல் வளைவு அசல் மரவேலை போலவே இருக்கும். விட்டங்களின் முனைகள்கூடக் கல்லில் தெரியும், வளைவில் யானைகள் வரிசையாகப் போகும். உள்ளே போனால் வேலை முடியவே இல்லை. சுவர் ஓரளவு பளபளக்கிறது, விதானம் கரடுமுரடாகவே நிற்கிறது.

மகாராட்டிரத்தில் கார்லே சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம், இன்னும் ஒரு படி மேலே. சுமார் 38 மீட்டர் நீளம், 14 மீட்டர் உயரம் உள்ள மண்டபத்தை மலைக்குள் குடைந்த பிறகு, வளைந்த கல் விதானத்தின் அடியில் நிஜ மர விலாக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த மரங்கள் எதையும் தாங்கவில்லை. மேலே இருப்பது மலை, அதற்குத் தாங்கல் எதற்கு? ஆனாலும் பழகிய கண்ணுக்கு மண்டபம் என்றால் மர விலா இருக்க வேண்டும். அந்த மரங்களில் பல இன்றும் அங்கேயே இருக்கின்றன. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். அது கல்லில் செய்த ஓலைக் குடிசை.

தமிழகத்தில் தெய்வத்துக்குக் கல்லில் கோயில் எடுக்கக் காலம் கொஞ்சம் பிடித்தது. நடுகல், ஈமக்கல் என்று கல் இறந்தோரோடு சேர்ந்திருந்ததால் தயக்கம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. அந்தத் தயக்கம் உடைந்த தருணத்தின் பெருமிதம் மண்டகப்பட்டில் எழுத்தாகவே இருக்கிறது. விழுப்புரம் பக்கத்தில் உள்ள அந்தச் சிறு குடைவரையில் முகப்பில் இரண்டு முழுத்தூண், இரண்டு அரைத்தூண், இரு ஓரத்திலும் வாயிற்காவலர், பின்சுவரில் மூன்று கருவறைகள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்த இருப்பிடத்தை விசித்திரசித்தன் செய்வித்தான் என்கிறது வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம். அதுவரை கோயில்கள் எதனால் ஆகியிருந்தன என்பதற்கு இந்த நான்கு 'இல்லாமல்'களே பட்டியல்.

இதை வைத்துத் தமிழ்நாட்டுக் குடைவரை எல்லாம் மகேந்திரனோடுதான் தொடங்கியது என்று சொல்லிவிடக் கூடாது. தெற்கே பாண்டிய நாட்டில் மலையடிக்குறிச்சிக் குடைவரை பாண்டிய மன்னன் சேந்தனின் 17ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்டது. அதுவும் 7ஆம் நூற்றாண்டுதான். பிள்ளையார்பட்டிக் குடைவரையின் காலத்தை இன்னும் முன்னே கொண்டுபோகிறவர்களும் உண்டு. அந்த வாதம் ஓயவில்லை.

கல் வெட்டுப்படுவதில்லை, தெறிக்கிறது

கல்லின் குணம் தெரியாமல் இந்தக் கைத்திறனின் அருமை பிடிபடாது. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அஜந்தா, எல்லோரா, கார்லே எல்லாம் தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. பாதாமியில் செம்மணற்கல். பாதாமியின் 3ஆம் குடைவரையில் சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. மணற்கல் உளிக்கு இணங்கும், அதனால் அங்கே நகைகளும் கொடிகளும் மெல்லிய வேலையாக வந்தன. தமிழகத்துப் பாறைகள் அப்படி இல்லை. கருங்கல்லும் அதன் இனங்களும்தான் இங்கே. பல்லாவரம் குன்றின் கல்லுக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த இனம் என்பதால் அவர் பெயரே கல்லுக்கு வந்தது. மகேந்திரவர்மன் அந்தப் பல்லாவரத்துக் குன்றிலும் ஒரு குடைவரை எடுத்திருக்கிறான்.

இப்படிப்பட்ட கல்லில் குவார்ட்ஸ் மணிகள் நிறைய இருக்கும். அந்தக் காலத்து இரும்பை விடக் குவார்ட்ஸ் கெட்டியானது. பிறகு எப்படி வெட்டினார்கள்? கத்தி காயை வெட்டுவது போல உளி கருங்கல்லை வெட்டுவதில்லை. உளியின் கூர்முனை ஒரு சிறு புள்ளியில் அடியின் வேகம் முழுவதையும் இறக்குகிறது. அந்த இடத்தில் கல் மணிகள் நொறுங்கி, சுற்றிலும் சில்லாகத் தெறிக்கின்றன. கல் அழுத்தத்தைத் தாங்கும், பிளக்கும் இழுவையைத் தாங்காது. அந்தப் பலவீனத்தைத்தான் கல்தச்சர் பயன்படுத்துகிறார். உளியைச் சாய்த்துப் பிடித்தால் சில்லு அகலமாகப் பெயரும். நேராகப் பிடித்தால் குழி விழும். எந்தச் சாய்வில் எவ்வளவு வேகம் என்பதைக் கை பழகிப் பழகித்தான் தெரிந்துகொள்ளும்.

அடிக்க அடிக்க உளியின் முனை மழுங்கும். கருங்கல்லில் அது மிகச் சீக்கிரம் நடக்கும். மழுங்கிய உளியை உலையில் பழுக்கக் காய்ச்சி, முனையைத் தட்டிக் கூராக்கி, தண்ணீரில் துவைச்சல் கொடுக்க வேண்டும். துவைச்சல் குறைந்தால் முனை மடங்கும். மிகுந்தால் முனை ஒடியும். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே கொல்லர் இதைத் தீர்மானிப்பார். ஆக, பாறைக்குள் பத்துப் பேர் உளி பிடித்தால் பாறைக்கு வெளியே உலை எரிந்துகொண்டே இருக்க வேண்டும், துருத்தி ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குடைவரையைப் பற்றிப் பேசும்போது சிற்பியைச் சொல்கிறோம், அரசனைச் சொல்கிறோம். கொல்லரைச் சொல்வதில்லை. அவர் இல்லாமல் ஒரு முழம்கூட உள்ளே போயிருக்க முடியாது.

வேலையின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம், இரண்டரை மீட்டர் உயரத்தில் ஓர் எளிய குடைவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற்ற வேண்டிய கல் 75 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் எடை. மொத்தம் 200 டன்னுக்கு மேல் ஆகிறது. இதில் ஒவ்வொரு கிலோவும் சில்லாகவும் பொடியாகவும் உளி முனையில் பெயர்ந்து, கூடையில் ஏறி வெளியே போனது.

கட்டம் கட்டமாக

பாறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் சாமர்த்தியம். விரிசல் இல்லாத, நீர் கசியாத பாறை வேண்டும். கல்லைத் தட்டி ஓசை கேட்பது சிற்பிகளின் பழைய வழக்கம். மணி போல் ஒலிப்பது ஆண் கல், அதைவிட மென்மையாக ஒலிப்பது பெண் கல், ஓசையே எழாதது நபும்சகக் கல் என்பார்கள். உள்ளே விரிசலோ வெற்றிடமோ இருந்தால் ஓசை செத்துப்போகும். அனுபவம் கண்டுபிடித்த நல்ல சோதனை இது.

பிறகு பாறை முகத்தைச் செங்குத்தாகச் சமப்படுத்தி, நூல் பிடித்துக் கோடு போட்டு, தூண் வரும் இடம், வெளி வரும் இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். முழு இடத்தையும் ஒரே சீராகக் கொத்திக்கொண்டே போவது வீண் உழைப்பு. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மாமல்லபுரத்தின் முடியாத குடைவரைகளில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடுக்க வேண்டிய பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே ஆழமான காடி வெட்டுகிறார்கள். இப்போது ஒவ்வொரு கட்டமும் நாலு பக்கமும் பிடிப்பு இல்லாமல், பின்பக்கம் மட்டும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் சரியான அடி கொடுத்தால் பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும். துண்டு போன இடத்தைச் சமமாக்கி, மறுபடியும் காடி, மறுபடியும் அடி. காடி வெட்டத்தான் பாடு. நடுக்கல் ஏறக்குறைய இலவசமாக வந்துவிடும்.

அந்தக் காடிகளில் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒவ்வொரு உளிக்கொத்தும் தனித்தனியாகத் தட்டுப்படுகிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே இடைவெளியில், மழைச்சாரல் போல. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் கண்ணுக்கே நன்றாகத் தெரியும்.

மண்டபம் பெரிதாக இருந்தால் இன்னொரு முறை சேர்ந்துகொள்ளும். அஜந்தாவின் 24ஆம் குடைவரை பாதியில் நின்ற பெரிய விகாரம், அதாவது பௌத்தத் துறவியர் இருப்பிடம். முன்னிருந்து உள்ளே சந்து சந்தாக வெட்டிக்கொண்டு போய், பிறகு சந்துகளுக்கு இடையே இருக்கும் கல்லை உடைத்து இணைத்து, தூணாக வேண்டியதை மட்டும் விட்டுவைத்த விதம் அங்கே தெரிகிறது. விதானத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். காரணம் எளிது. மேலே வேலை செய்யும்போது கீழே இன்னும் எடுக்காத பாறைதான் நிற்பதற்கு மேடை. விதானம் முடிந்ததும் அந்த மேடையே குறைந்து குறைந்து தரையாகிவிடும். சாரம் கட்ட வேண்டியதில்லை, மேலிருந்து தெறிக்கும் கல் கீழே முடிந்த சிற்பத்தைக் கெடுக்கும் என்ற பயமும் இல்லை.

மேலிருந்து கீழே இறங்கிய விமானம்

இதே முறையின் உச்சம் ஒற்றைக்கல் கோயில்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் போல இதை விளக்கும் இடம் வேறு கிடையாது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையில் சுற்றிலும் சுமார் ஏழரை மீட்டர் ஆழத்துக்கு அகழி வெட்டி, நடுவில் ஒரு பாறைத் திட்டை விட்டு, அதை உச்சியிலிருந்து விமானமாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். மேலே எண்பட்டைச் சிகரம், அதன் கீழே நந்திகள், பூதங்கள், உமையோடு அமர்ந்த சிவன், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி என்று எல்லாம் முடிந்து உயிரோடு இருக்கின்றன. பார்வையை மெல்லக் கீழே இறக்கினால் வேலை தேயத் தொடங்கும். அடிப்பகுதிக்கு வந்தால் வெறும் பாறை. கட்டும் கோயில் பாதியில் நின்றால் அடித்தளம் இருக்கும், சிகரம் இருக்காது. இங்கே சிகரம் முழுதாக இருக்கிறது, அடித்தளம் இல்லை.

மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் இதே நிலையில்தான் நிற்கின்றன.

எல்லோராவில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், இந்த முறையை ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் விரித்தார்கள். கைலாசநாதர் கோயிலுக்காகத் தோண்டிய பள்ளம் சுமார் 84 மீட்டர் நீளம், 47 மீட்டர் அகலம், பின்பக்கத்தில் 33 மீட்டர் வரை ஆழம். அதன் நடுவில் விமானம், நந்தி மண்டபம், கொடித்தூண்கள், யானைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே செதுக்கியவை. கி.பி. 812ஆம் ஆண்டின் பரோடா செப்பேடு ஒன்று இக்கோயிலைப் புகழ்கிறது. வானில் சென்ற தேவர்கள் இதைக் கண்டு இது மனிதர் செய்ததாக இருக்க முடியாது என்று வியந்தார்களாம். செய்த தச்சனே முடிவில் "நான் இதை எப்படிச் செய்தேன்!" என்று திகைத்து நின்றானாம். புகழ்ச்சிப் பாட்டுதான், ஆனால் அதற்குள் தச்சனின் குரலுக்கு ஓர் இடம் கொடுத்த அந்தக் கவிஞரை நினைத்து நெகிழ்ந்திருக்கிறேன்.

தூணைப் படிப்பது

குடைவரைக்குள் நுழைந்ததும் தூணைப் பாருங்கள். காலம் தெரிந்துகொள்ள முதல் தடயம் அதுதான். மகேந்திரவர்மன் காலத்துத் தூண்கள் தடித்தவை. மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை. நடுப்பகுதியைக் கட்டு என்பார்கள். ஒரு சதுரக் கட்டையின் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை வந்துவிடும். சதுரத்தின் பக்கத்தை ஏழு பாகமாக்கி இரண்டு, மூன்று, இரண்டு என்று பிரித்து, மூலைகளில் உள்ள இரண்டிரண்டு பாகங்களைச் சீவிப் பாருங்கள். எட்டுப் பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். கணிதம் பெரிதாக வேண்டாம், ஒரு நூலே போதும். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்குவது போல இருக்கும் கல் போதிகை. அதில் அலை அலையாக வரி இருந்தால் தரங்க போதிகை. பிற்காலத்து மாமல்லபுரத்தில் தூண்கள் மெலிந்து, உயர்ந்து, அடியில் அமர்ந்த சிம்மத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன.

இந்தத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றனவா? பெரிய மண்டபங்களில் ஓரளவு உதவும், சிறியவற்றில் பெரும்பாலும் கண்ணுக்காகத்தான். மும்பைக்கு அருகில் எலிபெண்டாக் குடைவரையில் பல தூண்கள் உடைந்துபோன பிறகும் விதானம் விழாமல் நின்றது. ஆனால் பாறையின் விரிசல் வேறு விஷயம். அது எங்கே ஓடுகிறதோ அங்கே நீர் இறங்கும், சிற்பம் பிளக்கும். விரிசலைக் கண்டதும் சில இடங்களில் வேலையையே கைவிட்டிருப்பார்கள். மாமல்லபுரத்தில் ஒரு தலைமைத் தச்சன் வேறு முடிவு எடுத்தான். சுமார் 29 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் உள்ள பாறை முகம், அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அந்தப் பிளவையே வானிலிருந்து இறங்கும் கங்கையாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, தேவரும் முனிவரும் யானைகளும் இரு பக்கமிருந்தும் அதை நோக்கி வருவதாகச் செதுக்கிவிட்டான். மேலே நீர்த்தொட்டி இருந்ததன் தடயம் உண்டு. நிஜ நீரே அதில் வழிந்திருக்கும். அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைப்பது அதைத்தான். சற்றுத் தள்ளி இதே காட்சியை இன்னொரு பாறையில் தொடங்கி முடிக்காமல் விட்டதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

சுவர் கரடாக இருந்தால் வேலை அரைகுறை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பல குடைவரைகளில் கல்லின் மேல் பூச்சும் அதன் மேல் வண்ணமும் இருந்தன. அஜந்தாவில் மண்ணோடு உமியும் வைக்கோலும் சேர்த்துப் பூசி, மேலே மெல்லிய சுண்ணம் கொடுத்து, காவியும் விளக்குக் கரியும் இன்னபிற நிறங்களும் கொண்டு வரைந்தார்கள். நீல நிறத்துக்கான லாபிஸ் லசூலி என்ற கல் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வந்தது. பூச்சு பிடிக்கக் கரடான சுவர்தான் வேண்டும். புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் தாமரைக் குளத்து ஓவியம் விதானத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. அந்தக் கோயிலை 9ஆம் நூற்றாண்டில் புதுக்கியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள பாடல் கல்வெட்டு சொல்கிறது.

பெயர்கள்

வேலை ஏன் பாதியில் நிற்கிறது? அரசன் மாறுவது, போர், பாறையில் கண்ட குறை என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனைமலையில் மட்டும் காரணத்தை நேராகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி நரசிங்கருக்குக் குடைவரை எடுத்தான். கலியுகம் 3871, அதாவது கி.பி. 770. நீர் தெளித்து வழிபாட்டைத் தொடங்கும் முன்பே அவன் இறந்துபோனான். பிறகு அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தான் என்று கல்வெட்டு முடிகிறது. அண்ணன் விட்ட இடத்தில் தம்பி தொடங்கியிருக்கிறான்.

செய்வித்தவர் பெயர் இப்படிக் கிடைக்கிறது. செய்தவர் பெயர்தான் அபூர்வம். மாமல்லபுரத்துக்கு அருகில் பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் இடத்தில், ஒரு தாழ்ந்த பாறை இருக்கிறது. வேலியோ விளக்கோ எதிர்பார்த்துப் போக வேண்டாம். அதில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். சாதமுக்கியன். கலியாணி. திருவொற்றியூர் அபாஜர். மாமல்லபுரத்தில் வேலை செய்த கைவினைஞர்களின் பெயர்கள் இவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எந்தப் பெயர் எந்த ரதத்தைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பெருந்தச்சனும் சிற்பிகளும் இருக்கும் அந்த வரிசையிலேயே, அவர்களுக்குச் சமமாக, உலையடியில் நின்ற ஒருவரும் தம் தொழிலோடு சேர்த்துப் பெயரைப் பதித்திருக்கிறார்: கொல்லன் சேமகன்.